கட்டியை விட்டுக் கிளம்பும் செல்

மார்பகத்தில் வரும் கட்டி மார்பகத்தோடு நின்றுவிட்டால் அதனால் உயிர் போவது அபூர்வம். மார்பகம் இல்லாமல் ஒருவர் நெடுங்காலம் வாழலாம். ஆபத்து வருவது, அந்தக் கட்டியிலிருந்து சில செல்கள் கிளம்பிப் போய்க் கல்லீரலிலோ நுரையீரலிலோ எலும்பிலோ மூளையிலோ குடியேறும்போதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் 'பரவிடுச்சாம்' என்று தணிந்த குரலில் சொல்கிறார்களே, அது இதைத்தான். மருத்துவர்கள் மெட்டாஸ்டாசிஸ் என்பார்கள். புற்றுநோய் மரணங்களில் பெரும்பகுதிக்கு முதல் கட்டியைவிட இந்தப் பரவலே காரணம்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் போனால் அது எலும்புப் புற்றுநோய் ஆகிவிடாது. எலும்பில் இருக்கும் அந்தக் கட்டியிலிருந்து துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மார்பகச் செல்லின் அடையாளங்கள்தான் தெரியும். கொடுக்கப்படும் மருந்தும் பெரும்பாலும் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்துதான். ஊர் மாறினாலும் செல் யாருடைய வம்சம் என்பது மாறுவதில்லை.

பரவுவது எவ்வளவு சுலபம் என்று கேட்டால், மிக மிகக் கடினம் என்பதே பதில். இதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. எலிகளின் மார்புக் கட்டியில் 1975-ல் அளந்து பார்த்தார்கள். ஒரு கிராம் எடையுள்ள கட்டியிலிருந்து ஒரே நாளில் முப்பது, நாற்பது லட்சம் செல்கள் ரத்தத்தில் கலந்துகொண்டிருந்தன. அத்தனையும் வேர்பிடித்தால் அந்த எலி ஒரு வாரம் தாங்காது. ஆனால் ஐசையா ஃபிட்லர் 1970-ல் கதிரியக்க அடையாளம் இட்ட புற்றுச் செல்களை எலியின் ரத்தத்தில் செலுத்திப் பின்தொடர்ந்தபோது, மிகப் பெரும்பான்மையான செல்கள் ஒரே நாளில் அழிந்துபோயிருந்தன. புதிய கட்டியாக வளர்ந்தவை சொற்பத்திலும் சொற்பம்.

காரணங்கள் புரியக்கூடியவைதான். கட்டியை விட்டுக் கிளம்பும் செல் முதலில் பக்கத்துச் செல்களின் பிடியிலிருந்து விடுபட வேண்டும். கீழே இருக்கும் அடித்தளச் சவ்வைத் துளைக்க வேண்டும். ரத்தக் குழாய்க்குள் நுழைய வேண்டும். உள்ளே போனால் ரத்த ஓட்டத்தின் இழுவிசை நசுக்கும், நோய் எதிர்ப்புச் செல்கள் துரத்தும். தப்பினால் எங்கோ ஒரு நுண்குழாயில் சிக்கி, சுவரைக் கடந்து வெளியே வந்து, முன்பின் தெரியாத உறுப்பில் பிழைக்க வேண்டும். பிழைத்தால் போதாது, பெருக வேண்டும். இந்தக் கடைசிக் கட்டம்வரை வந்தும் தோற்பவை ஏராளம். தோற்காமலும் ஜெயிக்காமலும் வருடக்கணக்கில் உறங்கிக் கிடப்பவையும் உண்டு. சிகிச்சை முடிந்து பத்து, பதினைந்து வருடம் கழித்துச் சிலருக்கு மார்பகப் புற்றுநோய் திரும்பி வருவதற்கு அந்த உறக்கம் ஒரு காரணம்.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று பயந்து, கட்டியிலிருந்து துளி எடுத்துப் பார்க்கும் பயாப்சியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊசி தொடாமலே கட்டி செல்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. தள்ளிப்போடுவதால் அதற்குக் கூடுதல் நாள் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

லண்டனில் ஸ்டீஃபன் பாஜெட் என்ற அறுவை மருத்துவர் 1889-ல், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை உட்கார்ந்து எண்ணினார். 241 பேருக்குக் கல்லீரலில் நோய் இருந்தது. மண்ணீரலில் 17 பேருக்கு மட்டுமே. இரண்டும் ரத்தம் ஏராளமாகப் பாயும் உறுப்புகள். ரத்தம் எங்கே கொண்டுபோய்த் தள்ளுகிறதோ அங்கே வளரும் என்பது உண்மையானால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வரக் கூடாது. செடியின் விதைகள் எல்லாத் திசைக்கும் பறக்கும், ஏற்ற மண்ணில் விழுந்தவை மட்டுமே முளைக்கும் என்று அவர் சொன்னார். கரிசலில் செழிக்கும் பருத்தி களர் நிலத்தில் கருகிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கருத்து நெடுங்காலம் எடுபடவில்லை. ஜேம்ஸ் யூயிங் என்ற அமெரிக்க நோய்க்கூறியல் மேதை 1920-களில், எல்லாம் ரத்த ஓட்டத்தின் பாதைதான் என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னதிலும் பாதி உண்டு. பெருங்குடலிலிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது, பெருங்குடல் புற்றுநோய் முதலில் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆனால் 1980-ல் ஹார்ட்டும் ஃபிட்லரும் செய்த ஒரு சோதனை பாஜெட்டின் பக்கம் தராசைச் சாய்த்தது. எலியின் தசைக்குள் நுரையீரல், சினைப்பை, சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகளைப் பதியம் வைத்தார்கள். பிறகு மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்களை ரத்தத்தில் விட்டார்கள். பதியம் வைத்த நுரையீரல் துண்டிலும் சினைப்பைத் துண்டிலும் கட்டி வளர்ந்தது, சிறுநீரகத் துண்டில் வளரவில்லை. மூன்று துண்டுகளும் இருந்தது ஒரே தசையில். அப்படியென்றால் மண்ணுக்கும் பங்கு உண்டு.

சரி, விதை எது? கட்டியில் இருக்கும் கோடிக்கணக்கான செல்களில் எல்லாமே விதைதானா?

இதற்குப் பதில் தேட ஸ்டெம் செல் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் ரத்தச் செல்கள் ஓயாமல் செத்துக்கொண்டே இருக்கின்றன, எலும்பு மஜ்ஜை அவற்றை ஓயாமல் ஈடுகட்டுகிறது. மஜ்ஜையில் இருக்கும் எல்லாச் செல்லும் அதைச் செய்வதில்லை. வெகு சிலவே மூலச் செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள். அவை இரண்டாகப் பிரியும்போது ஒரு பக்கம் தன்னைப் போன்ற இன்னொரு மூலச் செல்லை உண்டாக்கும், இன்னொரு பக்கம் சிவப்பணு, வெள்ளையணு என்று வேலைக்குப் போகும் செல்களை உண்டாக்கும். டொரன்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லக் இருவரும் 1961-ல் எலிகளில் இதைக் காட்டினார்கள். கதிர்வீச்சால் மஜ்ஜை செத்துப்போன எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையைச் செலுத்தினால், மண்ணீரலில் சிறு சிறு மேடுகள் தோன்றின. ஒவ்வொரு மேடும் ஒற்றைச் செல்லிலிருந்து கிளைத்தது.

அதே டொரன்டோவில் ஜான் டிக்கின் குழு 1990-களில் ரத்தப் புற்றுநோயில் இதே கேள்வியைக் கேட்டது. நோயாளியின் புற்றுச் செல்களைப் பிரித்து எலிகளில் செலுத்தியபோது, வெகு சில செல்களால் மட்டுமே நோயை எலியில் மறுபடி உண்டாக்க முடிந்தது. மற்றவை பெருகி ஓய்ந்துவிடும். 2003-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க்கின் குழு மார்பகக் கட்டியிலும் இதைக் கண்டது. செல்லின் மேற்பரப்பில் சிடி44 என்ற புரதம் தூக்கலாகவும் சிடி24 என்ற புரதம் மிகக் குறைவாகவும் உள்ள செல்களை மட்டும் பிரித்தெடுத்தால், நூறு செல்களே எலியில் கட்டியை உண்டாக்கப் போதுமாக இருந்தன. வேறு அடையாளம் உள்ள செல்களைப் பல்லாயிரக்கணக்கில் வைத்தும் ஒன்றும் வளரவில்லை. இப்படிப்பட்ட செல்களுக்குப் புற்றுநோய் ஸ்டெம் செல் என்று பெயர் நிலைத்தது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லும் விளம்பரங்களில் வரும் ஸ்டெம் செல்லும் இதுவும் ஒன்றில்லை என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். குணம் ஒன்று, குடும்பம் வேறு.

ஆக, ஒரு பக்கம் 'எந்தச் செல்லால் கட்டியைப் புதிதாகத் தொடங்க முடியும்' என்று ஒரு கூட்டம் தேடிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் 'எந்தச் செல்லால் கட்டியை விட்டுக் கிளம்ப முடியும்' என்று வேறொரு கூட்டம். இரண்டு கேள்விக்கும் தொடர்பு இருக்கும் என்று பலருக்கும் தோன்றவில்லை.

கிளம்புவதைப் பற்றிய கேள்விக்கு விடை கருவில் கிடைத்தது. தோல், குடலின் உட்சுவர், பால் சுரப்பியின் குழாய்கள் எல்லாம் எபிதீலியல் செல்களால் ஆனவை. வரிசையாக, அடுத்தடுத்து, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு இருக்கும். அந்தப் பிடிக்கு முக்கியமான புரதம் இ-கேடெரின். இதற்கு நேர்மாறான சுபாவம் மெசன்கைமல் செல்களுக்கு. நீண்டு, மெலிந்து, தனித்தனியாகத் திசுக்களுக்கு நடுவே ஊர்ந்து செல்லும். கரு வளரும்போது ஒரு வகைச் செல் மற்ற வகையாக மாறியாக வேண்டிய கட்டங்கள் உண்டு. முகத்தின் எலும்புகளும் தோலுக்கு நிறம் தரும் செல்களும், வருங்கால நரம்பு மண்டலத்தின் விளிம்பிலிருந்து இப்படிக் கிளம்பி நடந்து வந்தவைதான். ஹார்வர்டில் எலிசபெத் ஹே கோழிக் கருவில் இந்த மாற்றத்தைக் கூர்ந்து கவனித்தவர். 1982-ல் அவரும் கிரீன்பர்க்கும் கண் லென்ஸின் எபிதீலியல் செல்களைக் கொலாஜன் கூழுக்குள் வைத்தபோது, அவை வரிசையைக் கைவிட்டு நீண்டு தனியாக நகரத் தொடங்கின. எபிதீலியலிலிருந்து மெசன்கைமலுக்கு மாறும் இந்த நிகழ்வைச் சுருக்கமாக இஎம்டி என்கிறார்கள். பெரியவர்களின் உடலில் காயம் ஆறும்போதும் இதன் சாயல் தெரியும்.

புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. கருவில் பயன்பட்டுப் பிறகு அணைத்து வைக்கப்பட்ட ஒரு பழைய திட்டத்தை மறுபடி எடுத்து ஓடவிடுகிறது. இந்த எண்ணத்துக்கு வலுவான ஆதாரம் வந்தது பாஸ்டன் பக்கத்தில், எம்ஐடியோடு இணைந்த வைட்ஹெட் நிறுவனத்தில், ராபர்ட் வெய்ன்பெர்கின் ஆய்வகத்திலிருந்து. மனிதப் புற்றுநோய் மரபணுக்களை முதன்முதலில் அடையாளம் கண்டவர்களில் வெய்ன்பெர்க் ஒருவர். அங்கே ஜிங் யாங், செந்துறை மணி முதலியோர் ஒரே எலியின் மார்புக் கட்டியிலிருந்து வந்த நான்கு செல் வகைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று இருந்த இடத்தை விட்டு நகராது. ஒன்று நிணநீர் முடிச்சுவரை போகும். ஒன்று நுரையீரலுக்குப் போகும், ஆனால் அங்கே கட்டியாக வளராது. நான்காவது எல்லாம் செய்யும். நான்கிலும் எந்தெந்த மரபணு விழித்திருக்கிறது என்று ஒப்பிட்டதில் ட்விஸ்ட் என்ற மரபணு சிக்கியது. பழ ஈயின் கரு வளர்ச்சியில் ஏற்கெனவே பேர்போன மரபணு அது. நான்காவது வகையில் ட்விஸ்ட்டை அடக்கியபோது முதல் கட்டியின் வளர்ச்சி குறையவில்லை, நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. 2004-ல் 'செல்' ஆய்விதழில் இது வெளிவந்தது. கட்டி பெருப்பதும் கட்டி பரவுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை எனக்குத் தெரிந்து குறைவு.

ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. கிளம்பிப் போகும் ஒற்றைச் செல், போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு முழுக் கட்டியைக் கட்டி எழுப்ப வேண்டும். கட்டியில் விதையாகும் தகுதி வெகு சில செல்களுக்குத்தான் என்றால், ஓடத் தெரிந்த செல்லுக்கு விதையாகும் குணமும் ஒருசேர வாய்ப்பது எவ்வளவு அபூர்வம்! தற்செயலாக இரண்டும் சேர வேண்டுமா?

செந்துறை மணியும் அவருடைய சகாக்களும் 2008-ல் அதே இதழில் சொன்ன பதில்: தற்செயல் தேவையில்லை, ஒன்று மற்றொன்றைக் கொண்டுவருகிறது. மனித மார்பகத்தின் எபிதீலியல் செல்களை, சாகாமல் தொடர்ந்து பெருகும்படி மாற்றி வளர்த்திருந்தார்கள். அவற்றில் ட்விஸ்ட் அல்லது ஸ்நெயில் என்ற மரபணுவை விழிக்கச் செய்தார்கள். எதிர்பார்த்தபடியே செல்கள் நீண்டு, பிரிந்து, மெசன்கைமல் ஆயின. பிறகு அவற்றின் மேற்பரப்பைப் பார்த்தால் சிடி44 தூக்கல், சிடி24 குறைவு. ஐந்து வருடம் முன்பு கிளார்க்கின் குழு ஸ்டெம் செல்லுக்குச் சொன்ன அதே அடையாளம்.

அடையாளம் ஒத்துப்போவது மட்டும் போதாது, குணமும் ஒத்துப்போக வேண்டும். தரையில் ஒட்டாமல் மிதக்கவிட்டு வளர்த்தால் சாதாரண மார்பகச் செல் செத்துவிடும், ஸ்டெம் செல் மட்டும் பிழைத்துச் சிறு உருண்டையாகப் பெருகும். இஎம்டி கண்ட செல்கள் பல மடங்கு அதிகமான உருண்டைகளைத் தந்தன. புற்றுநோய் மரபணு ஏற்றப்பட்ட செல்களில் இதைச் செய்தபோது, எலியில் கட்டி உண்டாக்க முன்பைவிட மிகக் குறைவான செல்களே தேவைப்பட்டன. அதோடு விடாமல் தலைகீழாகவும் சோதித்தார்கள். மனித, எலி மார்பகங்களிலிருந்து இயற்கையாகவே ஸ்டெம் செல் அடையாளம் உள்ளவற்றைப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் இஎம்டியின் தடயங்கள் இருந்தன. நான் இந்த ஆய்வை மதிப்பது இந்தத் தலைகீழ்ச் சோதனைக்காகத்தான். இரண்டு திசையிலிருந்தும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதே வருடம் பிரான்சில் லியோன் நகரத்துக் குழு ஒன்றும் இதேபோன்ற முடிவை வெளியிட்டது.

இதன் பின்விளைவு பெரிது. அதுவரை புற்றுநோய் ஸ்டெம் செல் என்பது பிறவியிலேயே வேறு சாதி என்பதுபோலப் பேசப்பட்டது. அந்தச் சிறு கூட்டத்தை ஒழித்தால் கட்டி தானே ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. சாதாரணப் புற்றுச் செல்லே சூழலின் தூண்டுதலால் அந்த நிலைக்கு மாற முடியும் என்றால், இன்று ஒழித்த கூட்டம் நாளைக்கு மறுபடி உருவாகும். 2011-ல் வெய்ன்பெர்க் ஆய்வகத்தில் கிறிஸ்டின் சாஃபரும் மற்றவர்களும், ஸ்டெம் செல் அல்லாத மார்பகச் செல்கள் யாரும் தூண்டாமல் தாமாகவே ஸ்டெம் செல் நிலைக்கு மாறுவதைக் காட்டினார்கள்.

சிகிச்சைக்கு வருவோம். வழக்கமான கீமோ மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குபவை. ஸ்டெம் செல் நிலையில் உள்ளவை அவற்றை அதிகம் தாக்குப்பிடிக்கின்றன. கட்டி சுருங்கும், ஸ்கேனில் நல்ல செய்தி வரும், மீந்தது அந்த முரட்டுச் சிறுபான்மையாக இருக்கலாம். அப்படியானால் அவற்றைக் கொல்லும் மருந்தைத் தேடலாமே என்றால், அதற்கு அவை ஏராளமாக வேண்டும். கட்டியிலிருந்து பிரித்தால் கொஞ்சமே கிடைக்கும், வளர்க்கும்போது குணத்தை இழந்துவிடும். 2008-ன் கண்டுபிடிப்பு இங்கே ஒரு கருவியாகவும் பயன்பட்டது. இ-கேடெரினை அடக்கி இஎம்டியைத் தூண்டிவிட்டால் வேண்டிய மட்டும் அத்தகைய செல்கள் கிடைக்கின்றன. பியூஷ் குப்தாவும் மற்றவர்களும் 2009-ல் அவற்றின்மீது சுமார் 16,000 ரசாயனங்களைச் சோதித்தார்கள். தேறியவற்றில் முன்னால் நின்றது சாலினோமைசின். கோழிப் பண்ணைகளில் ரத்தக் கழிச்சல் நோயைத் தடுக்கத் தீவனத்தில் கலக்கும் மருந்து! மனிதருக்கு அது நச்சு என்பதால் புற்றுநோய் மருந்தாக நிலைபெறவில்லை. ஆனாலும் அந்தச் செல்களை மட்டும் குறிவைத்துத் தாக்குவது சாத்தியம் என்பது தெரிந்தது.

மணி பின்னர் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலும், அதன்பின் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்திலும் இதே பாதையில் தொடர்ந்தார். இஎம்டியில் ட்விஸ்ட், ஸ்நெயில் எல்லாம் போய்ச் சேரும் இடங்களில் ஃபாக்ஸ்-சி2 என்ற மரபணு ஒன்று என்பது அவர் 2007-லேயே வெளியிட்டது. 2012-ல் அவரும் அதே மையத்தின் மைக்கேல் ஆண்ட்ரீஃப் முதலியோரும் மார்பகப் புற்றுநோய் ஸ்டெம் செல்களின் மேற்பரப்பில் ஜிடி2 என்ற கொழுப்புச் சர்க்கரை மூலக்கூறு இருப்பதைக் காட்டினார்கள். ஜிடி2-வைக் குறிவைக்கும் எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்து ஒன்று, குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றுநோய்க்கு 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குறி ஏற்கெனவே மருந்துக்காரர்களுக்குத் தெரிந்த குறி என்பது ஆராய்ச்சியாளர்களுக்குச் சாதகம்.

இத்தனைக்குப் பிறகும் இஎம்டி இல்லாமல் பரவலே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. 2015-ல் 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு எலி ஆய்வுகள் பெரிய சலசலப்பை உண்டாக்கின. கணையப் புற்றுநோயில் ட்விஸ்ட்டையோ ஸ்நெயிலையோ நீக்கியும் பரவல் குறையவில்லை, கீமோவுக்குக் கட்டி அதிகமாக மசிந்தது மட்டுமே வித்தியாசம் என்றது ஒன்று. மற்றொன்று மார்பகக் கட்டியில் அதே தொனியில் பேசியது. இரண்டு வருடம் கழித்து ஜெர்மனியில் தாமஸ் பிராப்லெட்ஸின் குழு, ஜெப்1 என்ற வேறொரு இஎம்டி மரபணுவை அதே கணையப் புற்றுநோயில் நீக்கியபோது பரவல் குறைந்தது. எந்த மரபணுவைத் தொட்டீர்கள், எந்த உறுப்பு என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இன்னொரு திருத்தமும் வந்தது. செல் முழுக்க மெசன்கைமலாக மாற வேண்டியதில்லை, பாதி வழியில் நிற்கும் செல்களே அதிக ஆபத்தானவை என்ற கருத்து வலுத்துவருகிறது. பாதி வழியில் நிற்பவை நகரவும் செய்யும், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவும் செய்யும். நோயாளிகளின் ரத்தத்தில் தனிச் செல்களோடு சிறு கொத்துகளும் சுற்றுகின்றன. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நிக்கோலா அசெட்டோ, ஷ்யாமளா மகேஸ்வரன் முதலியோர் 2014-ல், அப்படிப்பட்ட கொத்து தனிச் செல்லைவிட 23 முதல் 50 மடங்கு பரவும் திறன் கொண்டது என்று எலிகளில் கணக்கிட்டார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மோகித் குமார் ஜாலி இந்தப் பாதி நிலைகள் எப்படி நிலைத்து நிற்கின்றன என்பதைக் கணித மாதிரிகளால் ஆராய்கிறார்.

எல்லாவற்றையும்விட மருந்துக்காரர்களைத் தயங்கவைக்கும் சோதனை, 2004-ல் மணியோடு இருந்த அதே ஜிங் யாங் பிறகு சான் டியாகோவில் நடத்தியது. எலியின் தோலில் கட்டி. அதில் ட்விஸ்ட்டை ஒரு மருந்தால் விழிக்கவைக்கலாம், மருந்தை நிறுத்தினால் அது உறங்கிவிடும். மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுத்தால் உடல் முழுவதும் போகும், எங்கே போனாலும் புற்றுச் செல்லில் ட்விஸ்ட் விழித்தே இருக்கும். தோலில் மட்டும் தடவினால், கட்டியில் விழித்திருக்கும், கிளம்பிப்போன செல்லில் உறங்கிவிடும். இரண்டு வகை எலிகளிலும் புற்றுச் செல்கள் ரத்தத்தில் கலந்தன. ஆனால் நுரையீரலில் அதிகம் கட்டிகள் முளைத்தது மருந்தைத் தோலில் தடவிய எலிகளில். கிளம்ப மெசன்கைமலாக மாற வேண்டும், போன இடத்தில் பெருக மறுபடி எபிதீலியல் பக்கம் திரும்ப வேண்டும் என்பது இதன் பொருள்.

அப்படியானால் இஎம்டியைத் தடுக்கும் நல்ல மருந்து ஒன்று நாளைக்கே கையில் கிடைத்தாலும், யாருக்கு எப்போது கொடுப்பது? கட்டி இன்னும் ஓரிடத்தில் இருக்கும்போது கொடுத்தால் செல்கள் கிளம்புவதைத் தடுக்கலாம். பெரும்பாலான நோயாளிகள் கட்டி கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் சில செல்கள் ஏற்கெனவே கிளம்பியிருக்க வாய்ப்புள்ளவர்கள். எலும்பு மஜ்ஜையில் ஒளிந்து உறங்கும் அந்தச் செல்லை எபிதீலியலாகத் திருப்பிவிட்டால், அது பெருகத் தேவையான உதவியை நாமே செய்துகொடுத்ததாக ஆகலாம்.